பால்வாடிக்கும் பி.இ.-க்கும் நடுவுல ஒரு வழி

பிளேஸ்மென்ட் சீசன் கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு. ஆஃபர் வாங்கினவங்க ஸ்டேட்டஸ் போட்டாச்சு. வாங்காதவங்க மத்தவங்க ஸ்டேட்டஸைப் பார்க்கிறதையே நிறுத்தியாச்சு. இந்த நேரத்துல உங்ககிட்ட சின்னக் குழந்தைங்களோடவும் அவங்க குடும்பங்களோடவும் வேலை பார்க்கிறதைப் பத்திச் சொல்லப் போறேன். "மச்சி, எல்.கே.ஜி. மிஸ் ஆகப் போறியா?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். நீங்களும் அதையேதான் கேட்பீங்க. இந்தத் துறைன்னா நமக்கெல்லாம் தெரிஞ்சது அந்த ஒரே வேலைதான்.

எனக்கும் போன வருஷம் வரைக்கும் அவ்வளவுதான் தெரியும். என் அக்கா பையனுக்கு இரண்டரை வயசு ஆகியும் ஒரு வார்த்தை வரல. "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், உங்க மாமாவும் அப்படித்தான்"னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. அதை நம்பி ஆறு மாசம் போச்சு. அப்புறம் தெருவுல இருக்கிற அங்கன்வாடி டீச்சர்தான் பையன் கூப்பிட்டா திரும்புறதில்லைன்னு கவனிச்சு, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. லீவுல இருந்ததால நானும் கூடப் போனேன். அந்த அறையில நான் பார்த்த ஒவ்வொருத்தர் வேலையும் எனக்குப் புதுசு.

அந்த இடத்துக்குப் பேர் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம்னு 2013-ல மத்திய அரசு தொடங்கின திட்டத்தோட பகுதி அது. பிறப்பிலேயே வர்ற குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் இந்த நாலையும் பிறந்த குழந்தையிலிருந்து 18 வயசு வரைக்கும் தேடிக் கண்டுபிடிக்கிறதுதான் திட்டம். ஒரு மருத்துவக் குழு வண்டியில கிளம்பி அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, அரசுப் பள்ளிக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கும். சந்தேகம் இருந்தா மாவட்ட மையத்துக்கு அனுப்பும். அங்கே குழந்தை மருத்துவர் மட்டும் இல்லை. பிசியோதெரபிஸ்ட், காது-பேச்சு நிபுணர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்புக் கல்வியாளர், சமூகப் பணியாளர்னு ஒரு டீமே இருக்கணும்னு திட்டம் சொல்லுது.

முதல்ல காதைத்தான் டெஸ்ட் பண்ணாங்க. கேட்காத பிள்ளை எப்படிப் பேசும்? காது நல்லா இருந்தது. அப்புறம் ஸ்பீச் தெரபிஸ்ட் பையன்கிட்டப் பேசினதைவிட என் அக்காகிட்டப் பேசினதுதான் அதிகம். "இது என்ன, அது என்னன்னு கேள்வி கேட்காதீங்கம்மா. தண்ணி டம்ளரை அவனுக்குத் தெரியுற மாதிரி, ஆனா கைக்கு எட்டாத இடத்துல வைங்க. அவன் உங்களைப் பார்க்கிற வரைக்கும் காத்திருங்க. பார்த்ததும் 'தண்ணி'ன்னு ஒரே வார்த்தை சொல்லிக் கொடுத்துடுங்க." இவ்வளவுதான். வாரத்துல முக்கால் மணி நேரம் அவங்க பார்ப்பாங்க, மிச்ச நேரம் முழுக்க வீடுதானே பார்க்கணும். குழந்தையோட வேலைன்னா பாதிக்கு மேல அம்மா, அப்பா, பாட்டியோட வேலைன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

சரி, இதுல நம்மளால எதுக்குள்ள நுழைய முடியும்? ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகணும்னா பி.ஏ.எஸ்.எல்.பி. படிக்கணும். பிளஸ் டூவுக்கு அப்புறம் மூணு வருஷப் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். நம்ம பி.இ.யை வெச்சு நேரா எம்.எஸ்.சி.க்குத் தாவ முடியாது, மறுபடி முதல்லேர்ந்து நாலு வருஷம். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி இரண்டும் அதே கதை. மனசு அவ்வளவு உறுதியா இருந்தா போகலாம். 21 வயசு ஒண்ணும் கிழம் இல்லை. ஆனா கல்விக் கடன் ஏற்கெனவே ஓடிட்டு இருக்கிற வீட்டுல இதைப் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க.

சிறப்புக் கல்வியாளர் ஆகுற பாதை நமக்குக் கொஞ்சம் கிட்ட இருக்கு. பொறியியல் முடிச்சவங்க 55 சதவீதம் மதிப்பெண்ணோட பி.எட். படிக்கலாம்னு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தோட 2014 விதிகளே சொல்லுது. பி.எட். சிறப்புக் கல்வின்னு இரண்டு வருஷப் படிப்பு தனியா இருக்கு. அதுல செவித்திறன், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம்னு ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்கணும். ஈ.சி.ஆர்.ல முட்டுக்காட்டுல இருக்கிற நிப்மெட் மத்திய அரசு நிறுவனம், 2005-ல தொடங்கினது. பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கான பி.எட். அங்கேயே இருக்கு. எங்கே சேர்ந்தாலும் இரண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, உங்க பிராஞ்சை அந்தக் கல்லூரி ஏத்துக்குதான்னு. இன்னொண்ணு, அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தோட அங்கீகாரம் இருக்கான்னு. 1992-ம் வருஷச் சட்டப்படி அந்தக் குழுமத்துல பதிவு எண் இல்லாதவங்க இந்த வேலையைப் பார்க்க முடியாது.

எந்தப் பட்டம் இருந்தாலும் கதவைத் திறந்து வெச்சிருக்கிறது எம்.எஸ்.டபிள்யூ.தான். இரண்டு வருஷம். சென்னையில 1952-லேர்ந்து நடக்கிற மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், மும்பையில 1936-ல தொடங்கின டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இரண்டும் இதுல பழைய பேர்கள். வகுப்பைவிட ஃபீல்டு ஒர்க்தான் இதுல படிப்பு. முடிச்சா எங்கே போவீங்க? ஒவ்வொரு மாவட்டத்துலயும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கு. அங்கே பாதுகாப்பு அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர் பணியிடங்கள் உண்டு. 1098-க்கு வர்ற அழைப்புக்குப் பின்னாடி ஓடுறதும் இந்த மாதிரி ஆட்கள்தான். 2015-ம் வருஷ இளைஞர் நீதிச் சட்டம், 2012 போக்சோ சட்டம் இரண்டும் இவங்களுக்கு மனப்பாடமா இருக்கணும். விவாகரத்து வழக்கு நடக்கிற குடும்ப நீதிமன்றங்கள்லயும் ஆலோசகர்கள் இருக்காங்க, 1984-ம் வருஷச் சட்டமே அதுக்கு இடம் கொடுத்திருக்கு. ஒரு நாலு வயசுக் குழந்தை யார் வீட்டுல வளரணும்ங்கிற பேச்சுல கூட உட்கார்ற வேலை அது. லேசா நினைக்காதீங்க. பாதுகாப்பு அலகுப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலதான் எடுக்கிறாங்கன்னும் தெரிஞ்சுக்கங்க.

சம்பளத்தைப் பத்திப் பேசாம இந்தக் கட்டுரையை முடிச்சா அது ஏமாத்து வேலை. என் அக்கா பையனை முதல்ல கவனிச்சது அங்கன்வாடி டீச்சர்னு சொன்னேன்ல? அந்த அமைப்பு, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 1975 அக்டோபர் 2-ல நாடு முழுக்க 33 இடங்கள்ல தொடங்கினது. இன்னைக்குத் தமிழ்நாட்டுல மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேல மையங்கள் இருக்கு. சத்துமாவு, எடை பார்க்கிறது, தடுப்பூசிக்கு நினைவூட்டுறது, கர்ப்பிணிகளைப் போய்ப் பார்க்கிறது, 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டப்படி பாட்டும் கதையும் விளையாட்டும், நடுவுல போஷன் டிராக்கர் ஆப்புல எல்லாத்தையும் ஏத்துறதுன்னு எல்லாம் அவங்க தலையிலதான். 2025-ல வந்த ஆள்சேர்ப்பு அறிவிப்புல அங்கன்வாடி பணியாளருக்கு முதல் 12 மாசத் தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். அதுக்கப்புறம்தான் காலமுறை ஊதியம். நம்ம ஹாஸ்டல்ல ஒருத்தனோட போன் இ.எம்.ஐ.யும் மெஸ் பில்லும் சேர்த்தா அந்தக் கணக்கு வந்துடும்.

(அந்த வேலைக்குப் பெண்கள் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். பசங்க இந்தத் துறைக்கு வராததுக்கு அது மட்டும் காரணம் இல்லை. "பிள்ளை பார்த்துக்கிற வேலை"ன்னா அது பொம்பளைங்க வேலை, அதனால சும்மா வந்துடும், அதனால சம்பளம் எதுக்குங்கிற எண்ணம்தான் இரண்டு பக்கமும் அடிக்குது.)

அதே துறையில மேல இருக்கிற பதவி, வட்டாரத்தையே பார்த்துக்கிற குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். டி.என்.பி.எஸ்.சி. மூலமா எடுக்கிறாங்க. ஆனா மனையியல், உளவியல், சமூகப் பணி மாதிரி பாடங்கள்ல பட்டம் கேட்பாங்க, வெறும் பி.இ. போதாது. எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சா கிடைக்கிற கதவுகள்ல இதையும் சேர்த்துக்கலாமான்னு அந்தந்த வருஷ அறிவிப்புல பாருங்க.

"அப்போ நாலு வருஷம் படிச்ச இன்ஜினியரிங் வீணா?" வேண்டாம், அழாதீங்க. பட்டத்தை மாத்தாமலே இந்தத் துறைக்குள்ள வந்தவங்க இருக்காங்க. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல படிச்ச அஜித் நாராயணன் சென்னையில உருவாக்கினது 'அவாஸ்'. பேச வராத பிள்ளைங்க படத்தைத் தொட்டா அது அவங்களுக்காகப் பேசும். தென்காசி பக்கத்துல ஆய்க்குடியில இருக்கிற அமர் சேவா சங்கத்தை 1981-ல தொடங்கின எஸ்.ராமகிருஷ்ணன் இன்ஜினியரிங் மாணவரா இருந்தப்போ கடற்படைத் தேர்வுல விழுந்து முதுகுத் தண்டுல அடிபட்டவர். 2020-ல பத்மஸ்ரீ வாங்கினார். அந்தச் சங்கம் 'எனேபிளிங் இன்க்ளூஷன்'னு ஒரு ஆப் வெச்சிருக்கு. கிராமத்துப் பணியாளர் வீடு வீடாப் போய் வளர்ச்சித் தாமதம் இருக்கிற குழந்தையைப் பார்த்துப் பதிவு பண்ணுவாங்க, தெரபிஸ்ட் அதை வெச்சு அடுத்து என்னன்னு திட்டம் போடுவாங்க. இந்த மாதிரி ஆப் எழுத யாராவது வேணும்ல? சிக்னல் இல்லாத ஊர்ல, ஒரு கையில குழந்தையைப் பிடிச்சுக்கிட்டு மறு கையால டைப் பண்றவங்களுக்கு எது சரிப்படும்னு தெரிஞ்ச ஆள் வேணும். லேப்ல உட்கார்ந்து யோசிச்சா அது தெரியாது.

சிவில் நண்பர்களுக்குத் தனியா ஒண்ணு. நீங்க சைட்டுக்குப் போனா மணல் குவியல் மேல விளையாடுற குழந்தைங்களைப் பார்ப்பீங்க. 50-க்கும் மேல பெண் தொழிலாளர்கள் இருக்கிற கட்டுமான இடத்துல, ஆறு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்களுக்குத் தனி அறை இருக்கணும்னு 1996-ம் வருஷக் கட்டடத் தொழிலாளர் சட்டம் சொல்லியிருந்தது. டெல்லியில 1969-ல தொடங்கின மொபைல் கிரெஷஸ் அமைப்பு இப்படிப்பட்ட இடங்கள்லதான் காப்பகம் நடத்த ஆரம்பிச்சது. ஐ.டி. பக்கம் போறவங்களுக்கு: 50 பேர், அதுக்கு மேல வேலை பார்க்கிற நிறுவனத்துல குழந்தைகள் காப்பக வசதி இருக்கணும்னு 2017-ம் வருஷ மகப்பேறு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. நீங்க சைட் இன்ஜினியரா, டீம் லீடா இருக்கும்போது "அந்த அறை எங்கே?"ன்னு கேட்கலாம். அதுக்குப் பட்டம் எதுவும் தேவையில்லை.

காசு போற இடங்களையும் சொல்லிடுறேன். மாண்டிசோரி பயிற்சின்னு தெருவுக்குத் தெரு போர்டு இருக்கு. மரியா மாண்டிசோரி 1939-ல அடையாறுக்கே வந்து வகுப்பு எடுத்தவங்க, அதனால நம்ம ஊருக்கும் அந்தப் பேருக்கும் நிஜமான தொடர்பு உண்டு. ஆனா அந்தப் பேரைப் போட்டு மூணு மாசத்துல சர்டிஃபிகேட் கொடுக்கிற எல்லாருக்கும் அந்தத் தொடர்பு இல்லை. யார் அங்கீகாரம்னு கேளுங்க. முழுங்கினா கிளம்பிடுங்க. அதே மாதிரி, குழந்தைகள் உளவியலாளர் ஆகலாம்னு தபால் வழி எம்.எஸ்.சி. சைக்காலஜிக்குப் பணம் கட்டாதீங்க. மருத்துவ உளவியலாளரா வேலை பார்க்கணும்னா நேரடிப் படிப்பும், அதுக்கு மேல மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரிச்ச பயிற்சியும் தேவைப்படும்.

எனக்கு ஒரு சர்வீஸ் கம்பெனி ஆஃபர் இருக்கு. எம்.எஸ்.டபிள்யூ. விண்ணப்பமும் பாதி நிரப்பின நிலையில லேப்டாப்ல திறந்து கிடக்கு. அப்பாகிட்ட இன்னும் சொல்லல. ஒரு வருஷம் வேலை பார்த்துக் கடனை அடைச்சுட்டுப் போகலாமா, இப்பவே போகலாமான்னு அக்காவோட சண்டை ஓடிட்டு இருக்கு. போன சனிக்கிழமை எங்க தெரு அங்கன்வாடிக்குப் போயி டீச்சர்கிட்டக் கேட்டுட்டு, காலையில பத்து மணியிலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் ஒரு மூலையில உட்கார்ந்திருந்தேன். இருபது பிள்ளைங்க. பதினைஞ்சு நிமிஷத்துல எனக்குத் தலை வலிச்சது, டீச்சர் ஒரு தடவை கூடக் குரலை உயர்த்தல.

நீங்களும் போய்ப் பார்க்கணும்னா முன்னாடியே அனுமதி கேட்டுக்கங்க, காலையிலயே போங்க, சாப்பாடு முடிஞ்சதும் பிள்ளைங்க தூங்கிடுவாங்க. போனைப் பைக்குள்ள வெச்சுடுங்க, குழந்தைங்களைப் போட்டோ எடுக்காதீங்க. தரையிலதான் உட்காரணும், அதனால ஜீன்ஸ் வேண்டாம்.