எண்ணெய்க்கு ஏற்ற கலம்

எள்ளிலிருந்து எடுத்த நெய்யே முதற்கண் எண்ணெய் எனப்பட்டது என்பதைத் தமிழாசிரியர் நன்கறிவர். பின்னர் அச்சொல் பொதுப்பெயராகித் தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய் என விரிந்தது. பெட்ரோலியம் என்னும் சொல்லும் பாறை, எண்ணெய் எனப் பொருள்படும் இரு சொற்களின் கூட்டேயாம். சொல் ஒன்றாயினும் பொருள்கள் வேறு. ஒன்று உண்பதற்குரியது, மற்றொன்று எரிப்பதற்குரியது. பொருள் வேறானால் அதனை இட்டு வைக்கும் கலமும் வேறாதல் வேண்டும். இவ்வெளிய உண்மையை யான் கற்றது நூலினின்று அன்று. என் பள்ளித் திடலிலே ஆகும்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் இரவு பினாங்கில் வீசிய பெரும் புயலையும், தொடர்ந்து வந்த வெள்ளத்தையும் இங்குள்ளோர் மறந்திரார். ஜார்ஜ் டவுனிலும் செபராங் பிறையிலும் மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. எங்கள் தோட்டப்பள்ளித் திடலில் நின்ற அங்சானா மரமும் வீழ்ந்தது. நம் புலவர் போற்றிய வேங்கையின் இனத்தைச் சேர்ந்தது அது. அடுத்த வாரம் பெற்றோர் கோத்தோங் ரோயோங் பணிக்கு வந்தனர். ஒருவர் செயின்சா எனப்படும் சங்கிலி வாளைக் கொணர்ந்தார். எண்ணெய் வைக்கக் கலம் இல்லை. குடிநீர்ப் போத்தல்கள் இரண்டைத் தேடிக் கொடுத்தவன் யானே.

பெட்ரோலோடு கலக்கும் எண்ணெய்க்குச் சாயம் சேர்ப்பதுண்டு. அன்று கலந்தது சிவப்புச் சாயமுடையது. கலவை, நீர் மிகுந்த ரோஜா சீரப்பைப் போலவே தோன்றியது. வெயிலில் ஓடியாடி வந்த முதலாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் அதனை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டான். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யலாம் என்றனர் சிலர். மருத்துவமனையில் வேலை பார்த்த தாய் ஒருவர் தடுத்தார். பெட்ரோல் வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியின்போது நுரையீரலுக்குள் புகுவதே பெருங்கேடு. அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். ஆதலின் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே முறை. சிறுவன் மூன்று நாள் இருந்து நலம் பெற்றான். யானோ அன்று முதல் இக்கலங்களைப் பற்றி ஆராயத் தொடங்கினேன்.

சங்கிலி வாளுக்கு எண்ணெய் இருவகை வேண்டும். அதன் இயந்திரம் இரண்டடிப்பு இயந்திரம். மோட்டார் வண்டியில் உள்ளது போல இதில் எண்ணெய்த் தொட்டி தனியே இல்லை. பெட்ரோலோடு கலந்து செல்லும் எண்ணெயே பிஸ்டனையும் உருளைகளையும் வழவழப்பாக்குகிறது. வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் இறுகி இயந்திரம் பாழாகும். இக்காலக் கலவை பெரும்பாலும் ஐம்பதுக்கு ஒன்று. அஃதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லிலிட்டர் எண்ணெய். சில பழைய இயந்திரங்களுக்கு இருபத்தைந்துக்கு ஒன்று. அப்போது 200 மில்லிலிட்டர். இயந்திரத்தின் கையேடு கூறுவதே முடிவு. மற்றொரு வகை, சங்கிலிக்குரிய பசையெண்ணெய். இது சங்கிலியைச் சுற்றி ஓடி, மரத்தூளோடு சிதறிப் போய்விடும், திரும்பி வாராது. ஆகவே பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் இதனையும் நிரப்பல் வேண்டும்.

இதனாலேயே இரட்டைக் கலன் தோன்றிற்று. ஒரே பிடியில் இரண்டு அறைகள். பெரியது 5 அல்லது 6 லிட்டர், சிறியது அதில் ஏறக்குறைய பாதி. இரண்டும் சேர்ந்தே இருப்பதால் ஒன்றை மறந்து மற்றொன்றை மட்டும் எடுத்துச் செல்ல இயலாது. நிறைந்த சிறு கலன் மிகுந்த எடையுள்ளதன்று. ஒருவர் ஒரு கையால் தூக்கலாம். அதற்கும் பெரியதை மரத்தடிக்குச் சுமப்பது வீண்.

கலத்தின் அமைப்பு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இரண்டாம் உலகப் போரே சான்று. வட ஆப்பிரிக்கப் பாலையில் ஆங்கிலப் படையினர் 4 காலன் கொள்ளும் மெல்லிய தகர டின்களில் பெட்ரோல் கொண்டு சென்றனர். அவை மூட்டுவிட்டு ஒழுகின. எரிபொருளில் பெரும்பங்கு மணலுக்கே போயிற்று. செர்மானியர் 1937 அளவில் வகுத்த 20 லிட்டர் கலனோ இரு பாதிகளை ஒட்டிய உறுதியான எஃகு, மூன்று கைப்பிடி, இறுக மூடும் நெம்புமூடி. ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி, அதுபோலவே தாமும் செய்தனர். செர்மானியரைக் குறிக்கும் படைவீரர் வழக்குச் சொல்லால் அது ஜெர்ரிகேன் எனப் பெயர் பெற்றது.

இனி, வாங்குவோர் காண வேண்டியவை நான்கு. முதலாவது பொருள்: பெட்ரோலுக்கென்றே செய்த தடித்த பிளாஸ்டிக் அல்லது எஃகு. வட்டத்துள் ஐக்கிய நாடுகள் குறி பொறித்திருப்பின் அது சோதனையில் தேறியது. பிளாஸ்டிக் கலனாயின் செய்த ஆண்டையும் பார்க்க. அபாயப் பொருளை ஏற்றிச் செல்ல 5 ஆண்டே அதன் ஆயுள் என்பது அனைத்துலக விதி. இரண்டாவது மூடி: ஆவியின் அழுத்தத்தைத் தாங்குவது. மூன்றாவது வாய்: தொட்டி நிறைந்ததும் தானே நிற்கும் குழாய் இருப்பின் நன்று; சூடான இயந்திரத்தின்மேல் ஒரு துளி சிந்தினாலும் தீ. நான்காவது பெயர். இதனைக் கடையில் வாங்க முடியாது. நாமே எழுத வேண்டும். கலவையின் அளவும் கலந்த நாளும் அதனோடு இருக்கட்டும். இன்று தோட்டங்களில் பல நாட்டார் வேலை செய்வதால், எழுத்தோடு ஒரு படமும் வேண்டும்.

பயன்படுத்துவோர் அறிய வேண்டியதும் உண்டு. பெட்ரோல் உறைகுளிரிலும் ஆவியாகித் தீப்பற்ற வல்லது. நம் நாட்டு வெப்பத்திற்குச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாவி காற்றினும் கனமாதலால் தரையோடு படரும். ஆகவே கலனைத் தரையில் வைத்து நிரப்புக. வெப்பத்தில் விரிவதற்குச் சிறிது இடம் விடுக. இயந்திரம் ஆறிய பின்னரே ஊற்றுக. ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது விலகி இயக்குக.

எங்கள் பள்ளி இப்போது ஓர் இரட்டைக் கலனை வைத்திருக்கிறது. பூட்டிய அறையில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில். அதன்மேல் தமிழிலும் மலாயிலும் பெயர் எழுதியவர்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள். அன்று பெட்ரோல் குடித்த சிறுவனும் பின்னாளில் அவர்களுள் ஒருவனாக இருந்தான். எழுத்தறிவிப்பதே நம் தொழில். ஒரு பொருளுக்கு அதன் பெயரை அதன்மேல் எழுதி வைப்பதும் அத்தொழிலில் அடங்கும். யான் ஒருநாள் அதனைச் செய்யத் தவறினேன். ஆசிரியர்களே, நாளை உங்கள் பள்ளிக் கிடங்கைத் திறந்து பாருங்கள். பெயரில்லாப் போத்தல் ஒன்று அங்கே நின்றால் அதனை அப்படியே விட்டுத் திரும்பாதீர்கள்.