மாத்திரையைப் பாலோடு விழுங்கலாமா?

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டி இருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் பெயர் பெற்ற இடம். மருந்து செய்யும் பயோகான் கம்பெனியும் அங்கே உண்டு. கிரண் மஜும்தார் ஷா என்ற பெண்மணி 1978-ல் பெங்களூரில் அதைத் தொடங்கினார். முதலில் செய்த பொருள்களில் ஒன்று பப்பைன். அது பப்பாளிக்காயின் பாலிலிருந்து எடுப்பது. கறி வேக நேரமானால் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோம் அல்லவா? கறியை மெத்தென்று ஆக்குவது இந்தப் பப்பைன்தான்.

நம் வயிற்றிலும் இதுபோன்ற சாறு சுரக்கிறது. கறி, முட்டை, பருப்பு எல்லாவற்றையும் அது கரைக்கும். மருந்து என்று பார்த்து விட்டுவைக்காது. சர்க்கரை நோய்க்குத் தரும் இன்சுலினை விழுங்கினால் முட்டையைப் போலச் செரித்துவிடும். அதனால்தான் ஊசியாகப் போடுகிறார்கள். இன்சுலினை மாத்திரையாக்க பயோகான் பல வருடம் முயன்றது. 2011-ல் வெளியான சோதனை முடிவு எதிர்பார்த்தபடி இல்லை. பிறகும் ஆராய்ச்சி நடந்தது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்றுகூட ஆராய்ந்தார்கள்.

சில மருந்துகள் இன்னும் தூரம் போக வேண்டும். பெருங்குடல் புண்ணுக்குத் தரும் மெசலமின் பெருங்குடலில் வேலை செய்ய வேண்டும். மலச்சிக்கலுக்குத் தரும் பிசகோடிலும் அப்படித்தான். கடையில் டல்கோலாக்ஸ் என்று கேட்டு வாங்குவது இதைத்தான்.

இரைப்பையைத் தாண்டினால் சிறுகுடல். சுமார் 20 அடி நீளம். அதற்குப் பிறகுதான் பெருங்குடல். அதுவரை மருந்து கரையாமல் போவது எப்படி? மாத்திரைக்கு மேலே ஒரு பூச்சு இருக்கிறது. புளிப்பான இடத்தில் அது கரையாது. இரைப்பையில் புளிப்பு அதிகம். குடலில் போகப் போகப் புளிப்பு குறையும். அங்கே பூச்சு கரையும். மருந்து வெளியே வரும்.

ராத்திரி பாலோடு மாத்திரை போடுவது நம் வீடுகளில் பழக்கம். பிசகோடிலுக்கு அது ஆகாது. பால் குடித்தால் இரைப்பையின் புளிப்பு கொஞ்ச நேரம் மட்டுப்படும். பூச்சு ஏமாந்துவிடும். குடல் வந்துவிட்டது என்று இரைப்பையிலேயே கரையும். வயிற்றுவலியும் குமட்டலும் வரும். நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் ஜெலுசிலும் இதே வேலையைச் செய்யும். பாலோ ஜெலுசிலோ சாப்பிட்டால் 1 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாத்திரைக்குத் தண்ணீர் போதும்.

மாத்திரையை ஒடித்தாலும் பொடித்தாலும் பூச்சு போய்விடும். விழுங்க முடியாத பெரியவர்களுக்குத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். அன்போடு செய்வதுதான். ஆனால் மருந்து பாதி வழியிலேயே செலவாகிவிடும். விழுங்க முடியவில்லை என்று டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து எழுதுவார்.

சாப்பாடு வேறு ஒரு வேலையும் செய்கிறது. இரைப்பையின் அடியில் ஒரு வாசல் உண்டு. சோறு இருக்கும்போது அந்த வாசல் கூழாக அரைந்ததை மட்டும் வெளியே விடும். முழு மாத்திரை காத்திருக்க வேண்டும். வயிறு காலியான பிறகு, சுமார் 2 மணிக்கு ஒரு தடவை, இரைப்பை தன்னைத் தானே பெருக்கித் தள்ளும். மாத்திரை அப்போதுதான் வெளியேறும். பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்ட வயிற்றில் அது பல மணி நேரம் தங்கலாம். நடுநடுவே பஜ்ஜி, வடை என்று தின்றால் பெருக்கும் வேலையே தள்ளிப்போகும். சிறுகுடலைக் கடக்க 3 அல்லது 4 மணி நேரம் ஆகும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதில் பெரிய மாற்றம் இல்லை.

பிசகோடில் வேலை செய்ய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அரை மணியில் ஒன்றும் நடக்கவில்லை என்று இன்னொன்று போடக் கூடாது. விடிந்ததும் படாத பாடு படுத்தும்.

அப்படியானால் எல்லா மாத்திரையையும் வெறும் வயிற்றில் போடலாமா? கூடாது. மெசலமினிலேயே சிலவற்றைச் சாப்பாட்டோடு போடச் சொல்வார்கள். சிலவற்றைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொல்வார்கள். கம்பெனிக்குக் கம்பெனி பூச்சு வேறு. எலெக்ட்ரானிக் சிட்டியில் ராத்திரி ஷிப்டு பார்ப்பவர்கள் பலர். அவர்களுக்கு நள்ளிரவில்தான் சாப்பாடு. 'ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு' என்று சீட்டில் இருந்தால் எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மெசலமின் சாப்பிடும் சிலர் மலத்தில் மாத்திரையின் கூட்டைப் பார்த்துப் பயப்படுவார்கள். பெரும்பாலும் அது காலிக் கூடுதான். மருந்து உள்ளே இறங்கியிருக்கும். முழு மாத்திரையே திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.