பலகையும் காயும் (9): கூடிவந்த இரண்டு குழிகள்

வழக்கிலுள்ள ஓர் ஆட்டத்தின் அடிப்படையைக் கலைக்காமல் புதிய காய்களையும் விதிகளையும் சேர்த்துத் தனியே வெளியிடப்படும் இணைப்பே, பலகை ஆட்டத் துறையில் 'விரிவாக்கம்' எனப்படுகிறது. தொன்ம எகிப்தைக் களமாகக் கொண்டு 2012இல் வெளிவந்த 'கெமெட்' ஆட்டத்தில் தாக்குதலுக்குச் சிவப்பு, தற்காப்புக்கு நீலம், வளத்துக்கு வெள்ளை என மூன்று நிறப் பிரமிடுகள் இருந்தன. 2015இல் வந்த 'தா-செத்தி' என்னும் விரிவாக்கம் கறுப்பு நிறத்தையும் பூசாரிகளுக்கென ஒரு வழியையும் சேர்த்தபோது, பழைய நிறங்களின் மதிப்பையும் ஆட்டக்காரர்கள் மறுபடி கணக்கிட வேண்டியதாயிற்று.

இத்தகைய மாற்றத்தின் இயல்பை அறிய, மலாக்காத் தமிழர் தம் பல்லாங்குழியை அண்டையிலுள்ள மலாய்க்காரரின் சொங்காக்கோடு ஒப்பிட்டாலே போதும். பல்லாங்குழியில் ஆளுக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் உண்டு. குழிக்கு ஐந்தாக 70 காய்களை இட்டு ஆடுவது பரவலான முறை. அள்ளிய காய்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்து, அடுத்த குழியை அள்ளித் தொடர்வதும், அது வெறுமையாயின் துடைத்துவிட்டு அதற்கப்பால் உள்ளதை எடுப்பதும், நான்கு காய் சேர்ந்த குழியைப் 'பசு' என்று அதற்குரியவர் எடுத்துக்கொள்வதும் விதி. வென்ற காய்கள் பலகைக்கு வெளியே சேர்கின்றன.

ஏழேழு குழிகளாக இரு வரிசைகள் கொண்ட சொங்காக்கிலோ, முனைக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகள் கூடுகின்றன. 'ரூமா', அதாவது வீடு, என்று பெயர் பெறும் இவற்றில் ஆட்டக்காரர் தம் வீட்டுக்கு மட்டும் போகிற போக்கில் ஒரு காய் இடுகிறார், எதிராளியின் வீட்டைத் தாண்டிவிடுகிறார். கடைசிக் காய் தம் வீட்டில் விழுந்தால் மறுபடியும் ஆடும் உரிமை கிடைப்பதால், வீட்டிலிருந்து மூன்றாவது குழியில் மூன்று காய் இருப்பது நான்கு இருப்பதைவிட மேலானதாகிவிடுகிறது. குழிக்கு ஏழாக 98 காய்களுடன் தொடங்கும்போது, வீட்டுக்கு மிகத் தொலைவிலுள்ள ஏழாவது குழியை அள்ளினால்தான் முதல் கையின் கடைசிக் காய் சரியாக வீட்டில் விழும்.

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்பவர் 1896இல் ரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து அங்கே தோட்டங்கள் பெருகி, தமிழ்த் தொழிலாளர் லயங்களில் குடியேறினர். ரப்பர் கொட்டையும் இந்நாட்டில் சொங்காக்கின் காயாயிற்று. பல்லாங்குழியில் இடும் புளியங்கொட்டையைவிடப் பருத்து, பழுப்புப் புள்ளிகள் படர்ந்து வழவழக்கும் அக்கொட்டை கையின் பிடியை மாற்றியதேயன்றி ஆட்டத்தின் கணக்கை மாற்றவில்லை. வீடாகக் கூடிய இரண்டு குழிகளோ ஒவ்வொரு குழியின் மதிப்பையும் மாற்றிவிடுகின்றன. ஆகவே விரிவாக்கத்தின் தரம், பெட்டியில் எத்தனை புதிய காய்கள் வருகின்றன என்பதில் இல்லை. பழைய காயை நகர்த்துமுன் ஆட்டக்காரரை எவ்வளவு யோசிக்க வைக்கிறது என்பதிலேயே இருக்கிறது.

(அடுத்த இதழில்: ஆடுபுலி ஆட்டமும் மலாய்ப் புலியாட்டமும்)