முகத்துவாரத்தை வரையத் தெரிந்த பள்ளி

1957-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கி, 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதன் அங்கமாகிய கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி, அடுத்த இருபது ஆண்டுகளில் எதை இலக்காகக் கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு விடை, கிண்டி வளாகத்துக்கு வெகு வடக்கே, இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடற்கரையில் இருக்கிறது. அக்கடற்கரை உட்பட நகரின் நிலம் எந்தெந்தப் பயன்பாட்டுக்கு உரியது என்று நீண்ட காலத்துக்கு வரையறுக்கும் சட்டப்பூர்வ ஆவணமே முழுமைத் திட்டம். 2008-இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ எல்லையாகக் கொண்டதால், மூன்றாம் திட்டம் 2046 வரைக்குமாக வகுக்கப்படுகிறது.

இரண்டாம் திட்டத்தின் வகைப்பாட்டில் ‘சிறப்பு மற்றும் அபாயத் தொழில் பகுதி’ என்று ஒன்று உண்டு. அபாயகரமான பொருள்களைக் கையாளும் ஆலைகளுக்கென ஒதுக்கப்படும் நிலம் அது. வரைபடத்தில் அதற்கு எல்லைக்கோடு உண்டு. அங்கிருந்து வெளியேறும் நீர் அக்கோட்டில் நிற்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தை அடைந்து, காட்டுக்குப்பம் போன்ற மீனவக் குப்பங்களில் படகிலும் வலையிலும் கறுப்பாகப் படிந்தது. அதே மாத இறுதியில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு ஓடினர்.

நிலத்துக்கு நிறம் தீட்டும் திட்டமிடல், நீரை வெறும் நீலப் பரப்பாகவே விட்டுவிடுகிறது. ஆனால் முகத்துவாரத்தின் ஆழமற்ற இடங்களில் நீருக்குள் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிப்போருக்கு அந்த நீலமே தொழிற்கூடம். அண்டையிலுள்ள பழவேற்காட்டு ஏரியிலோ, யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலைவிடலாம் என்பதை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ வழக்கம் இருக்கிறது. எழுதப்படாத நீர்ப்பயன்பாட்டுத் திட்டம் என்றே அதைச் சொல்லலாம்.

இந்த நீரையும் அதன் பயன்பாடுகளையும் அளந்து வரையும் திறனே பள்ளியின் முதல் இலக்காக வேண்டும். கட்டடக்கலைக் கல்வியின் மையமான ‘ஸ்டூடியோ’, அதாவது ஒரு பருவம் முழுவதும் ஓரிடத்தை ஆராய்ந்து அதற்கான வடிவமைப்பை ஆசிரியர்முன் வாதிட்டு நிறுவும் பயிற்சி, பருவத்தோடு கலைந்துவிடாமல் திருவொற்றியூரில் நிலையான களமையமாக அமைந்தால், மழைக்கு மழை மாறும் நீர்மட்டமும் வண்டலும் அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிவும் ஆண்டுதோறும் ஒரே வரைபடத்தில் சேரும். 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையம் போன்ற கட்டடங்களைப் பேணும் கலையும் அங்கேயே கற்பிக்கத்தக்கது.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவுத் திட்டத்தின்மீது பொதுமக்களின் ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் கோரப்படுகின்றன. அதற்கான கெடு முடியுமுன், திட்ட வரைபடத்தில் ஒவ்வொரு குப்பத்துக்கும் உரிய பகுதியைப் பெரிதாக்கி, தெருப்பெயரும் துறைப்பெயரும் தமிழில் குறித்து, மீனவர் கூட்டங்களில் மாணவர்களே விளக்கிக் காட்டுவது, பட்டத்துக்குரிய மதிப்பெண் பெறும் பாடமாகவே இருக்கலாம்.