கரி அடுப்புக்கு ஒரு விசிறி

கும்முட்டி அடுப்பின் முன்னால் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்த நம் பாட்டிமார்களுக்கு, கரியின் வேகம் காற்றின் கையில் இருக்கிறது என்பது யாரும் சொல்லித் தராமலே தெரியும். பால் பொங்க வேண்டுமானால் வீசுவார்கள். போதுமென்றால் விசிறியைக் கீழே வைத்துவிடுவார்கள். அந்த வேலையை இப்போது ஒரு சிறிய மின்விசிறியும் ஒரு தெர்மோகப்பிளும் செய்கின்றன. தில்லியில் சில மொட்டை மாடிகளில் உருண்டை வடிவக் 'கெட்டில் கிரில்' தென்படுகிறது. அதில் விசிறி பொருத்துவது எப்படி என்று நம் சங்கத்து இளைஞர்கள் இருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

அடுப்பு அமெரிக்காவில் பிறந்தது. சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற பட்டறையில் இருந்த ஜார்ஜ் ஸ்டீஃபன், 1952இல், கடல் மிதவைகளுக்கான உலோகக் கோளத்திலிருந்து இதை உருவாக்கினார். கீழ்ப்பாதிக்குக் கால், மேற்பாதி கைப்பிடி வைத்த மூடி. அடியிலும் மூடியிலும் காற்றுத் துளைகள். இவற்றைத் திறந்து மூடித்தான் சூட்டைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஆறு மணி நேரம் 110 டிகிரியில் இறைச்சி வேக வேண்டுமென்றால், ஆறு மணி நேரமும் ஒருவர் காவல் இருக்க வேண்டும். விசிறி அந்தக் காவலுக்குத்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ கரி முழுவதும் எரிய ஏறக்குறைய 8 அல்லது 9 கன மீட்டர் காற்று வேண்டும். அந்த ஒரு கிலோவை ஐந்து மணி நேரத்துக்கு நிதானமாக எரிய விட்டால், மணிக்கு 2 கன மீட்டருக்கும் குறைவான காற்றே போதும். கம்ப்யூட்டரில் இருக்கும் சாதாரண விசிறியோ தடையில்லாத இடத்தில் மணிக்கு 40, 50 கன மீட்டர் தள்ளும். ஆகவே பெரிய விசிறி தேடி அலைய வேண்டாம். 12 வோல்ட்டில் ஓடும் சிறிய புளோயர் வகை போதும். குழாயின் தடையை எதிர்த்துத் தள்ள அதுவே தோதானது.

இங்கேதான் பலரும் கவனிக்காத விஷயம் இருக்கிறது. விசிறியால் சூட்டை ஏற்ற மட்டுமே முடியும், இறக்க முடியாது. விசிறி நின்றதும் நெருப்பு தானே தணிய வேண்டும். மூடியின் விளிம்பில் காற்று கசிந்தால் தணியாது. கன்ட்ரோலர் எத்தனை விலை உயர்ந்ததானாலும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கும். ரயில்வேயில் வாக்குவம் பிரேக் குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். அதுபோல மின்சாரம் போனால் நெருப்பு தணியும்படி அடுப்பு இருக்க வேண்டும். ஆகவே விசிறி வாங்குமுன் கசிவைப் பாருங்கள். கொஞ்சம் கரியில் புகை எழுப்பி, மூடி, எல்லாத் துளைகளையும் அடைத்தால் புகை எங்கே வருகிறதென்று தெரிந்துவிடும். விளிம்புக்குக் கண்ணாடி இழை நாடா ஒட்டலாம். பழைய பட்டறைகளில் கிடந்த ஆஸ்பெஸ்டாஸ் கயிறு ஞாபகம் வருபவர்கள் அதை மறந்துவிடுங்கள்; அதன் தூசு நுரையீரலுக்குப் புற்றுநோய் கொண்டுவரும்.

இனிப் பொருத்துவது. அடியில் பெரும்பாலும் மூன்று துளைகள் இருக்கும். இரண்டைத் தகடு வைத்து அடைத்துவிட்டு, மூன்றாவதில் ஒரு சாண் நீள இரும்புக் குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையில் விசிறியை வையுங்கள். நேர் கீழே வைக்காமல் ஒரு வளைவு கொடுத்தால் சாம்பலும் சூடும் விசிறியில் இறங்காது. துத்தநாகம் பூசிய குழாய் நெருப்பை ஒட்டி இருக்கக் கூடாது. அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. மூடியின் துளையைக் கால் பங்கு திறந்து வையுங்கள். தெர்மோகப்பிளின் நுனி இறைச்சிக்குப் பக்கத்தில் கம்பித்தட்டின் மேல் இருக்கட்டும். கரிக்கு நேர் மேலே வைத்தால் பொய் சொல்லும்.

கரியை ஒரு ஓரமாகக் குவித்து, ஏழெட்டுத் துண்டுகளை மட்டும் பற்றவையுங்கள். முழுக் குவியலும் பற்றிக்கொண்டால் பிறகு இறக்குவது பெரும்பாடு. நல்ல கன்ட்ரோலர் 110 டிகிரி வரும்வரை காத்திருக்காது. நெருங்க நெருங்க விசிறியின் வேகத்தைக் குறைக்கும். ஸ்டேஷன் வருமுன்பே டிரைவர் ரெகுலேட்டரை மூடுவதில்லையா, அப்படி! மூடியைத் திறக்கும்போது விசிறியை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் சூடு இறங்கியதாக எண்ணி அது முழு வேகத்தில் ஓடும். மூடிய பிறகு 150ஐத் தாண்டும். (நான் சைவன். ஆட்டுத் தொடையின் ருசியைப் பற்றிக் கேட்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.)

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். காற்றைக் குறைத்து எரியும் கரி கார்பன் மோனாக்சைடைக் கக்கும். நிறமில்லை, மணமில்லை, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாகப் பற்றிக்கொள்ளும். மூடிய அறையில் அங்கீட்டி வைத்துக்கொண்டு தூங்கிய குடும்பங்கள் எழுந்திருக்காத செய்தி தில்லிக் குளிர்காலத்தில் நாம் படிப்பதுதான். ஸ்டீம் எஞ்சினில் காற்று உள்ளே இழுக்கப்பட்டது. இங்கே விசிறி தள்ளுகிறது. ஆகவே கசிவு இருந்தால் வாயு வெளியே வரும். கண்ணாடி அடைத்த பால்கனியில் இந்த அடுப்பை ஏற்றவே கூடாது. மழை வந்தாலும், ஜனவரிக் குளிரானாலும், திறந்த மாடிதான்.

வேலை முடிந்ததும் விசிறியைக் கழற்றி, மேலும் கீழும் துளைகளை மூடிவிடுங்கள். மிச்சக் கரி அணைந்து அடுத்த தடவைக்கு உதவும். சாம்பலை மறுநாள்தான், அதுவும் இரும்பு வாளியில்தான் அள்ள வேண்டும்.