முக்கொம்புக்கு ஒரு நாள்

“ஆழமறியாமல் காலை விடாதே” என்பது பழமொழி. ஆற்றங்கரைப் பூங்காவுக்கு இன்பச் சுற்றுலா செல்வோர் முதலில் நினைவிற் கொள்ள வேண்டியதும் இதுவே.

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது முக்கொம்பு. அகன்று வரும் காவிரி இங்கே காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகிறது. 1836இல் ஆர்தர் காட்டன் அமைத்த மேலணையும் அதனருகே உள்ள பூங்காவும் காண்போரைக் கவர்வன.

முதல் வேலை, நாளைத் தேர்ந்தெடுப்பது. சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேயே போக நாங்கள் துடித்தோம். வானில் மேகமே இல்லை. ஆயினும் எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரி மறுத்துவிட்டார்கள். எங்களுக்கு மிகுந்த வருத்தம். காரணத்தைப் பிறகுதான் அறிந்தோம். குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை மேட்டூர் அணையை நிரப்பிவிட்டால், இங்கே ஒரு துளி விழாமலேயே வெள்ளம் வரும். மிகுதி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய அணையில் 9 மதகுகள் இடிந்து விழுந்தன. எனவே நாங்கள் ஜனவரியில், பொங்கல் கழிந்த பின் சென்றோம். அப்போதும் நீரில் இறங்கவில்லை. அமைதியாகத் தோன்றும் நீருக்கடியில் பள்ளமும் சுழலும் இருக்கலாம் அல்லவா?

இரண்டாவது, செலவு. ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலாவின்போது இரு தோழியர் காய்ச்சல் என்று கூறி வரவில்லை. வண்டிக் கட்டணம் இல்லை என்பதே உண்மை எனப் பின்னர் தெரிந்து நாணினோம். ஆகவே இம்முறை மூடிய உண்டியல் ஒன்றை வைத்தோம். அவரவர் இயன்றதைப் போட்டோம். யார் எவ்வளவு போட்டார் என்று எவரும் கேட்கவில்லை. குறைந்ததை ஈடுகட்ட வகுப்பு விழாவைச் சுருக்கிக்கொண்டோம்.

மூன்றாவது, உணவு. நண்பகல்வரை கெடாத புளிசாதமே சிறந்தது. குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்லவேண்டும். எச்சில் இலைகளையும் காகிதங்களையும் ஆற்றில் எறியாமல் பையிலிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

நான்காவது, எண்ணிக்கை. பத்துப் பேருக்கு ஒரு தலைவி. வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவள் தன் குழுவை எண்ணவேண்டும்.

அன்று மாலை 42 பேர் ஏறினோம். காலையில் வந்தவர்களும் 42 பேரே. எங்கள் வகுப்பின் மொத்தத் தொகையும் அதுவே! ஒருவரையும் வீட்டில் விட்டுவிடாமல், ஒருவரையும் ஆற்றில் இழந்துவிடாமல் திரும்புவதே நல்ல சுற்றுலா என்பதை அன்று உணர்ந்தோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி