ஒரு கீபோர்டு, அஞ்சு கேரக்டர்: ரெய்டில் மல்டிபாக்ஸிங் எப்படி நடக்குது?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் பற்றிப் பேசினாலே ஒரு கேள்வி வந்துடும். "ஒரே மாதிரி டிரஸ் போட்ட அஞ்சு கேரக்டர் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஓடிட்டு இருந்துச்சு. அஞ்சும் ஒரே நொடியில் மின்னல் அடிச்சுது. இது ஹேக் தானே?"

ஹேக் இல்லை. அதுக்குப் பேர் மல்டிபாக்ஸிங். ஒரே ஆள் பல அக்கவுண்ட்களில் ஒரே நேரத்தில் ஆடுவது. ஆனா அதைச் செய்யும் ஒரு குறிப்பிட்ட முறைக்கு 2020-ல் தடை வந்தது. அந்தத் தடை ஏன் வந்ததுன்னு புரியணும்னா, முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கணும்.

பேர் பழைய பேர். 1999-ல் எவர்க்வெஸ்ட் வந்தப்போ, ரெண்டு கேரக்டர் ஆடணும்னா பெரும்பாலும் மேஜையில் ரெண்டு கம்ப்யூட்டர் வேணும். கம்ப்யூட்டரை ‘பாக்ஸ்’னு சொல்ற வழக்கத்திலிருந்து ‘பாக்ஸிங்’ வந்தது. குத்துச்சண்டைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? வார்கிராஃப்டில் சாதாரண டஞ்சனுக்கு அஞ்சு பேர் வேணும். அடி வாங்க ஒரு டேங்க், உயிர் ஏத்த ஒரு ஹீலர், அடிக்க மூணு பேர். நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு காலையில் ஆட உட்கார்றவருக்கு இந்த நாலு பேர் எங்கே கிடைப்பாங்க? சிலர் அந்த நாலு பேரையும் தாங்களே ஆகிட்டாங்க. செலவு இருக்கு. அமெரிக்காவில் ஒரு மாதச் சந்தா சுமார் 15 டாலர், அஞ்சு அக்கவுண்ட்னா 75. நம்மில் பலர் ஒரு சந்தாவுக்கே ரெண்டு தடவை யோசிப்போம்.

இப்போ உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். அஞ்சு விண்டோவில் அஞ்சு கேம் திறந்திருக்கும். ஒண்ணு தலைவன், மீதி நாலும் தொண்டர்கள். ‘ஃபாலோ’ கட்டளை கொடுத்தா நாலும் தலைவன் பின்னாடியே ஓடும். தொண்டர்களின் ஒவ்வொரு பட்டனிலும் ஒரு சின்ன மேக்ரோ இருக்கும்: தலைவன் யாரைக் குறி வைச்சிருக்கானோ அவனையே குறி வை, அப்புறம் அடி. கடைசியா, ஐஎஸ்பாக்ஸர் மாதிரி ஒரு மென்பொருள். நீங்க 2-ஐ அழுத்தினா, அந்த 2 அஞ்சு விண்டோவுக்கும் போகும். தானா ஓடும் பாட் இல்லை. நீங்க கையை எடுத்தா அஞ்சு பேரும் சிலை மாதிரி நிப்பாங்க. ஒரு அழுத்தலுக்கு ஒவ்வொரு கேரக்டரும் ஒரு செயல்தான் செய்யும், அவ்வளவுதான்.

இங்கேதான் ஷாமன் வகுப்புக்கு மவுசு. அவனோட செயின் லைட்னிங் ஒரு எதிரியிலிருந்து இன்னொருத்தனுக்குத் தாவும், செயின் ஹீல் அடிபட்டவனிலிருந்து அடிபட்டவனுக்குத் தாவும். அதாவது யாருக்கு உதவி வேணும்ங்கற யோசனையில் பாதியை மந்திரமே பார்த்துக்கும். எல்லாரும் செத்தாலும் ஷாமன் தன்னைத்தானே உயிர்ப்பிச்சுக்க முடியும், ஆவியா நடந்து திரும்பி வர வேண்டியதில்லை. நல்ல மல்டிபாக்ஸர்கள் கை வேகத்தால ஜெயிக்கலை. கவனமே தேவைப்படாத வகுப்பாப் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஜெயிச்சாங்க. எனக்கு இதில் ஒரு மரியாதை உண்டு, சொல்லிடறேன்.

டஞ்சன் வரைக்கும் இது ஓகே. ரெய்டுக்குள்ள போனா கதை மாறுது.

ரெய்டுன்னா 10, 25, பழைய காலத்தில் 40 பேர் சேர்ந்து ஒரு பெரிய பாஸை வீழ்த்துவது. அந்தச் சண்டைகளை வடிவமைக்கிறவங்களுக்குப் பிடிச்ச வேலை, கூட்டத்திலிருந்து ஒருத்தரை மட்டும் தனியா பிரிச்சு "இப்போ நீ என்ன பண்ணுவே?"னு கேட்பது. மோல்டன் கோர் ரெய்டில் பேரன் கெட்டன்னு ஒரு பாஸ். யாரோ ஒருத்தர் மேல வெடிகுண்டைக் கட்டிடுவான். அவர் சில நொடிக்குள்ள கூட்டத்தை விட்டு ஓடணும். இப்போ அந்தக் குண்டு உங்க மூணாவது தொண்டன் மேல. நீங்க முன்னோக்கி ஓடினா அஞ்சு பேரும் ஓடுவாங்க, குண்டும் கூடவே வரும். அந்த விண்டோவை மட்டும் தேடிப் பிடிச்சு, அவனை மட்டும் ஓட்டி, வெடிச்ச பிறகு திரும்பக் கூட்டிட்டு வரணும். அதுவரைக்கும் மீதி நாலு பேர்? சும்மா நிப்பாங்க.

நக்ஸ்ரமாஸ் ரெய்டின் ஹைகன் இன்னொரு விதம். தரை பகுதி பகுதியா வெடிக்கும், எல்லாரும் ஒரே திசையில் ஓடணும். ‘எல்லாரும் ஒண்ணாத்தானே ஓடறாங்க, மல்டிபாக்ஸருக்கு லட்டு மாதிரி’ன்னு தோணும். ஆனா ஃபாலோவில் ஓடும் வரிசைக்கு வால் உண்டு. தலைவன் பத்திரமான இடத்துக்கு வந்து சேரும்போது வால் இன்னும் வெடிக்கும் தரையில் இருக்கும்.

கீபோர்டைப் பங்கு போட்டுக்கலாம், கண்ணைப் பங்கு போட முடியாது.

இதோட இன்னொரு சிக்கல், கேமுக்கு வெளியே இருக்கும் சிக்கல். 10 பேர் ரெய்டில் ஒருத்தர் அஞ்சு கேரக்டரோட வந்தா, பாதி ரெய்டு அவர்தான். அவர் வீட்டில் கரண்ட் போனா ஒரு ஆள் போகலை, பாதிப் படை போச்சு. பாஸ் விழுந்ததும் கிடைக்கும் பொருளைப் பிரிக்கும்போது அவருக்கு ஒரு பங்கா, அஞ்சு பங்கா? சந்தா அஞ்சு கட்டியிருக்காரே! ஆனா வெளியே இடம் கிடைக்காம உட்கார்ந்திருக்கும் நாலு பேர் அதை எப்படிப் பார்ப்பாங்க? ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

தடை வந்தது இந்தச் சண்டையால இல்லை. 2020 நவம்பரில் பிளிஸார்ட் நிறுவனம், ஒரு அழுத்தலைப் பல விண்டோவுக்கு நகலெடுக்கும் மென்பொருளைத் தடை செய்தது. பாட்களுக்கும் தானியங்கி ஆட்டத்துக்கும் அந்த மென்பொருள் துணை போகுதுங்கறதுதான் அவங்க சொன்ன காரணம். பல அக்கவுண்ட் வைச்சு ஆடுவதை அவங்க தடுக்கலை. நிறைய பேர் குழம்புவது இங்கேதான். ஒவ்வொரு விண்டோவையும் நீங்களே கையால ஓட்டினா பிரச்சினை இல்லை.

ஈவ் ஆன்லைன் இதே கோட்டை முன்னாடியே போட்டது, 2015 ஜனவரி 1 முதல். அங்கேயும் பல அக்கவுண்ட் ஓகே. விண்டோக்களை அடுக்கவும் லாகின் பண்ணவும் மென்பொருள் உதவலாம். கேம் உலகத்துக்குள்ள விளைவு உண்டாக்கும் கட்டளையை நகலெடுக்கக் கூடாது. எவர்க்வெஸ்ட் இன்னும் ஒரு படி மேல. 2015 கடைசியில் வந்த ஃபினிகல் சர்வரில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு கேம்தான்னு விதி வைச்சாங்க. விடுவாங்களா? பழைய லேப்டாப்பை எல்லாம் தூசி தட்டி வரிசையா அடுக்கினாங்க. 1999 மேஜை திரும்ப வந்துடுச்சு.

நானும் ரெண்டு ஓட்டிப் பார்த்தவன்தான், தடைக்குப் பிறகு, ஒவ்வொரு விண்டோவா கையால மாத்தி மாத்தி. ஒரு மேஜ், ஒரு ஹீலர் ஷாமன். எங்க 10 பேர் குழுவில் ஆள் குறைஞ்சதால "நானே பார்த்துக்கறேன்"னு சொல்லிட்டேன். நக்ஸ்ரமாஸில் பல பாஸ் விழுந்தது, பெருமையாவும் இருந்தது. அப்புறம் தாடியஸ் வந்தான். அவன் ஒவ்வொருத்தருக்கும் பிளஸ் அல்லது மைனஸ் மின்சாரம் ஏத்துவான். ஒரே குறி உள்ளவங்க பக்கத்துப் பக்கத்தில் நின்னா அடி பலமாகும். எதிர்க் குறி ஆளுங்க அருகில் நின்னா ஒருத்தரை ஒருத்தர் கொன்னுடுவாங்க. குறி மாறிக்கிட்டே இருக்கும்.

முதல் ரெண்டு தடவை என் ரெண்டு கேரக்டருக்கும் ஒரே குறி. மூணாவது தடவை மேஜுக்கு மைனஸ். அவனை வேகமா எதிர்ப்பக்கம் ஓட்டிட்டு நிம்மதியா மூச்சு விட்டேன். ஷாமன் விண்டோவுக்குப் போய்ப் பார்த்தா, ஃபாலோவை எடுக்கவே இல்லை. பிளஸ் ஏறின ஷாமன் சமர்த்தா மேஜ் பின்னாடியே வந்து, மைனஸ் கும்பலுக்கு நடுவில் நிக்கிறான்.

குரல் அரட்டையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ரெய்டு லீடர், "அந்த ஷாமன் யாருப்பா?"ன்னார். அடுத்த வாரம் ஹீலர் இடத்துக்கு காலேஜ் படிக்கிற ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. நான் மேஜை மட்டும் ஓட்டினேன்.